மாதச் சம்பளமா, மிளகுக் கொடியா?

சொந்தமாகத் தொழில் செய்து பிழைக்கும் ஒருவருக்கு மாதச் சம்பள வேலை ஒன்று தேடி வந்தால், வீட்டில் உடனே இரண்டு தொகைகள் பேச்சில் அடிபடும். இப்போது மாதம் சராசரியாக எவ்வளவு வருகிறது, அங்கே எவ்வளவு தருவதாகச் சொல்கிறார்கள் என்பவை அவை. எந்தத் தொகை பெரியதோ அந்தப் பக்கம் சாய்ந்துவிடுவதே வழக்கம். இந்தக் கணக்கு அநேகமாகத் தப்பாகவே முடிகிறது. சம்பளம் குறித்த தேதியில் வரும் பணம். சொந்தத் தொழிலின் வருமானம் காத்திருந்து வாங்கும் பணம். காத்திருப்பதற்கு ஆகும் செலவைச் சேர்க்காமல் இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையில் இந்தக் கேள்வி ஏறக்குறைய வீட்டுக்கு வீடு எழுகிறது. காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறினால், கடல் மட்டத்திலிருந்து 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில், ‘நாடு’ என்று பெயர் முடியும் 14 ஊராட்சிகளில் பரவிக் கிடக்கிறது மலை வாழ்க்கை. வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, அரியூர் நாடு, குண்டூர் நாடு என்று பெயர்கள் நீள்கின்றன. மக்கள் தொகை சுமார் 40,000. பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடியினர். பெரும்பாலான குடும்பங்களுக்குச் சொந்த நிலம் கொஞ்சமாவது உண்டு. அதாவது முதலாளி இல்லாத பிழைப்பு இங்கே தலைமுறை வழக்கம். கீழே சமவெளியிலோ நாமக்கல்லின் கோழிப்பண்ணைகளும் லாரி பாடி கட்டும் பட்டறைகளும், திருச்செங்கோட்டின் ரிக் வண்டிகளும், திருப்பூரின் பனியன் கம்பெனிகளும் ஆள் கேட்டுக்கொண்டே இருக்கின்றன. படித்த இளைஞர்களில் சிலர் மலைமேலேயே செம்மேட்டிலோ சோளக்காட்டிலோ உட்கார்ந்து கல்யாண ஆல்பம் வடிவமைக்கலாம், வீடியோ எடிட் செய்யலாம், ஜீப் ஓட்டலாம், கடைகளுக்குக் கணக்கு எழுதித் தரலாம். நகரத்தில் ஃப்ரீலான்சர் என்று அழைக்கப்படுபவருக்கும் இவர்களுக்கும் பிழைப்பின் அமைப்பில் வேறுபாடு இல்லை.

காத்திருப்பதன் விலை

சொந்தத் தொழிலின் தன்மையை மிளகுக் கொடியைப் போலத் தெளிவாகக் காட்டும் பொருள் வேறு இல்லை. மலையில் சில்வர் ஓக் மரங்களில் கொடியை ஏற்றிவிடுகிறார்கள். நட்ட கொடி மூன்றாவது, நான்காவது வருடத்தில்தான் காய்க்கத் தொடங்கும். ஏழு, எட்டு வருடம் ஆனால் முழுக் காய்ப்பு. அதன் பிறகு 20 வருடத்துக்கும் மேல் பலன் தரும். தை, மாசியில் ஏணி சாத்தி ஏறி, சரம் சரமாகப் பறித்து, மணியை உதிர்த்து, களத்தில் நான்கைந்து நாள் நல்ல வெயிலில் காயவைக்க வேண்டும். மூன்று கிலோ பச்சை மிளகு காய்ந்தால் ஒரு கிலோ கருமிளகு நிற்கும்.

இந்த இடத்தில்தான் விவசாயிக்கு விவசாயி வேறுபடுகிறார். கையில் காசு உள்ளவர் மிளகைக் காயவைத்துச் சாக்கில் கட்டி வீட்டில் போட்டுவைப்பார். விலை ஏறும்போது விற்பார். நன்றாகக் காய்ந்த மிளகு மாதக்கணக்கில் கெடாது. காசு இல்லாதவர் பச்சையாகவே கொடுத்துவிடுவார். இன்னும் முடை உள்ளவர், காய் முற்றும் முன்பே வியாபாரியிடம் முன்பணம் வாங்கிக் கொடியோடு பேசி முடித்துவிடுவார். கொடி ஒன்று, மண் ஒன்று, மழையும் ஒன்றுதான். ஆனாலும் மூவர் கைக்கும் வரும் பணம் ஒன்றல்ல. மூவருக்கும் உள்ள வித்தியாசம், எத்தனை மாதம் பொறுக்க முடியும் என்பது மட்டுமே.

எல்லாப் பயிரும் இப்படிக் காத்திருக்க விடாது. பலாவும் அன்னாசியும் பழுத்தால் அன்றே சந்தைக்குப் போக வேண்டும். அங்கே விலை சொல்பவர் வியாபாரிதான். குச்சிக்கிழங்கு என்று மலையில் அழைக்கப்படும் மரவள்ளிக்கு ஏறக்குறைய பத்து மாதம் பிடிக்கும். வெட்டியபின் இரண்டு மூன்று நாளில் ஆலைக்குப் போய்ச் சேராவிட்டால் கிழங்கு கெடத் தொடங்கிவிடும். சேலம், நாமக்கல் வட்டாரத்து ஜவ்வரிசி ஆலைகள் கிழங்கில் உள்ள மாவுச்சத்தைப் ‘பாயிண்ட்’ கணக்கில் அளந்து விலை போடுகின்றன. அளப்பவரும் வாங்குபவரும் ஒரே தரப்பு என்பதால், விற்பவருக்குப் பேரம் பேச அதிக இடமில்லை.

ஃப்ரீலான்சர் விற்கும் பொருளும் இந்த இரண்டு வகைக்குள் அடங்கும். சில வேலைகள் மிளகு மாதிரி: ஆறு மாதச் செலவுக்குக் கையில் இருப்பு வைத்திருக்கும் வடிவமைப்பாளர், குறைந்த கூலி கேட்கும் வாடிக்கையாளரை மரியாதையாக அனுப்பிவிடலாம். சில வேலைகள் அன்னாசி மாதிரி: ஆடிப்பெருக்கை ஒட்டி நடக்கும் வல்வில் ஓரி விழாவுக்கு ஏறி வரும் கூட்டத்தை நம்பி ஜீப் ஓட்டுபவர், அந்த நாள்களில் விட்டதை வேறு நாளில் பிடிக்க முடியாது. வேலை மாறலாமா என்று யோசிப்பவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, தன்னுடையது எந்த வகை, கையிருப்பு எத்தனை மாதத்துக்குத் தாங்கும் என்பது. கையிருப்பு இரண்டு மாதத்துக்குக்கூட இல்லையென்றால் சொந்தத் தொழிலின் சராசரி வருமானத்தைப் பேசிப் பயனில்லை. அந்தச் சராசரி வந்து சேரும் முன்பே முன்பணக் கடன் அதைத் தின்றுவிடும்.

விலை ஏற்ற இறக்கத்தின் அளவையும் மிளகே காட்டும். 2015, 2016 வாக்கில் கிலோ 700 ரூபாயை ஒட்டி விற்ற மிளகு, அடுத்த சில ஆண்டுகளில் அதில் ஏறக்குறையப் பாதிக்கு இறங்கியது. வியட்நாம் மிளகு மலிவாக உள்ளே வந்தது பெரிய காரணம். 2017 டிசம்பரில் மத்திய அரசு கிலோ 500 ரூபாய் என்று குறைந்தபட்ச இறக்குமதி விலை வைத்த பிறகும் சரிவு உடனே நிற்கவில்லை. பின்னர் 2023-இல் விலை மறுபடி 600 ரூபாயைத் தாண்டியது. இடையில் வந்த வருடங்களைத் தாக்குப்பிடித்தவருக்கே அந்த 600 கிடைத்தது.

ஆஃபர் கடிதத்தைப் பிரித்துப் பார்த்தல்

இனி சம்பளத்தின் பக்கம். ‘மாதம் 18,000’ என்று வாய்மொழியாகச் சொல்லப்படும் தொகைக்கு மூன்று அர்த்தங்கள் இருக்கலாம். கைக்கு வரும் தொகையாக இருக்கலாம். பிடித்தத்துக்கு முந்தைய மொத்தச் சம்பளமாக இருக்கலாம். நிறுவனம் தன் பங்குக்குக் கட்டுவதையும் சேர்த்துச் சொல்லும் ‘சிடிசி’யாகவும் இருக்கலாம். கடைசி அர்த்தத்தில் சொல்லியிருந்தால், கேட்ட தொகைக்கும் மொத்தச் சம்பளத்துக்குமே இடையில் இரண்டு, மூவாயிரம் காணாமல் போகும்.

எடுத்துக்காட்டாக, மொத்தச் சம்பளம் 18,000, அதில் அடிப்படையும் பஞ்சப்படியும் 15,000 என்று கொள்ளலாம். வருங்கால வைப்பு நிதிக்கு (பிஎஃப்) 12 சதவீதம், அதாவது 1,800 ரூபாய் பிடிப்பார்கள். சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருப்பதால் தொழிலாளர் காப்பீடான இஎஸ்ஐ பொருந்தும்; அதற்கு 0.75 சதவீதம், 135 ரூபாய். கைக்கு வருவது 16,065. நிறுவனம் தன் பங்காக வைப்பு நிதிக்கு இன்னொரு 1,800 கட்டும். அதில் 1,250 ரூபாய் ஓய்வூதியக் கணக்குக்குப் போகும், மீதி 550 தொழிலாளியின் நிதியில் சேரும். இஎஸ்ஐ-க்கு நிறுவனம் கட்டும் 3.25 சதவீதம் 585 ரூபாய். பணிக்கொடை, வருடத்துக்குப் பதினைந்து நாள் சம்பளம் என்ற கணக்கில், மாதத்தை 26 நாளாக வகுத்தால் வருடத்துக்கு 8,654 ரூபாய் வருகிறது.

இதில் நிபந்தனைகள் உண்டு. வைப்பு நிதிச் சட்டம் 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களுக்கும், இஎஸ்ஐ 10 பேரோ அதற்கு மேலோ உள்ள இடங்களுக்கும்தான் கட்டாயம். சமவெளியில் மலை இளைஞர்களுக்குக் கிடைக்கும் வேலைகளில் கணிசமானவை இந்த எண்ணிக்கைக்குக் கீழே உள்ள சிறு கடைகளிலும் பட்டறைகளிலும் இருப்பவை. அப்படிப்பட்ட இடத்தில் சம்பளம் என்ற பெயர் இருக்கும். சம்பளத்தோடு வரவேண்டிய பாதுகாப்பு இருக்காது. அதனால் ‘பிஎஃப், இஎஸ்ஐ உண்டா’ என்பது சம்பளம் எவ்வளவு என்பதற்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி. ஓய்வூதியம் கிடைக்கப் பத்து வருடப் பணி வேண்டும். பணிக்கொடைக்கு ஐந்து வருடம். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பின்படி, குறிப்பிட்ட காலத்துக்கு ஒப்பந்தம் போட்டுச் சேர்பவருக்கு ஒரு வருடத்திலேயே பணிக்கொடை உரிமை வருகிறது.

இஎஸ்ஐ-யின் மதிப்பு கூட்டல் கழித்தலில் தெரியாது. நோயில் படுத்தால் வருடத்துக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். குடும்பத்துக்கு மருத்துவம், பெண்களுக்கு 26 வாரப் பேறுகால உதவி எல்லாம் அதில் அடக்கம். ஆனால் மலைமேல் இருக்கும் பெற்றோருக்கு இஎஸ்ஐ மருந்தகம் 70 வளைவு இறங்கிய பிறகுதான். சொந்தத் தொழில் செய்பவருக்கு மாற்று இல்லாமல் இல்லை: ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் உண்டு. வருடத்துக்கு 436 ரூபாயில் இரண்டு லட்சத்துக்கு ஆயுள் காப்பீடும், 20 ரூபாயில் இரண்டு லட்சத்துக்கு விபத்துக் காப்பீடும் வங்கிக் கணக்கு வழியாகவே எடுக்கலாம். அடல் ஓய்வூதியத் திட்டத்தில் 60 வயதுக்குப் பின் மாதம் 1,000 முதல் 5,000 வரை வரும். முதலமைச்சர் திட்டம் தவிர மற்றவற்றில் யாரும் பாதிப் பங்கு கட்டமாட்டார்கள் என்பதும், கணக்கில் பணம் இருக்கும்படி தானே பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதும்தான் சம்பளக்காரருக்கும் இவருக்கும் உள்ள தூரம்.

சம்பளம் என்ற பேரில் வரும் எல்லாமே சம்பளமாகவும் இருப்பதில்லை. தமிழ்நாட்டின் நூற்பாலைகளில் பல ஆண்டுகள் நடந்த ‘சுமங்கலித் திட்டம்’ இதற்குப் பேர்போன உதாரணம். ஏழை வீட்டு இளம் பெண்களை மூன்று வருடம் ஆலை விடுதியிலேயே தங்கவைத்து, கல்யாணச் செலவுக்கு என்று கடைசியில் மொத்தமாக ஒரு தொகை தருவதாகச் சொன்ன ஏற்பாடு அது. இடையில் உடம்பு முடியாமல் திரும்பியவர்கள் பலருக்கு அந்தத் தொகை முழுதாகக் கிடைக்கவில்லை. கடைசியில் மொத்தமாகத் தருகிறோம் என்பவர், உழைப்பவரைத்தான் காத்திருக்க வைக்கிறார். சொந்தத் தொழிலில் உள்ள காத்திருப்பு அத்தனையும் அதில் உண்டு, சொந்தத் தொழிலில் உள்ள சுதந்திரம் துளியும் இல்லை.

ஒரு மாதிரிக் கணக்கு

இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் பார்க்க ஒரு கற்பனைக் குடும்பத்தை எடுத்துக்கொள்ளலாம். மகன் செம்மேட்டில் இருந்தபடி வீடியோ எடிட் செய்து சம்பாதிக்கிறார். வீட்டில் கொஞ்சம் மிளகுக் கொடி இருக்கிறது. கடந்த மூன்று வருடங்களில் செலவு போக அவர் கண்ட வருமானம் முறையே 2,40,000, 1,50,000, 2,10,000 ரூபாய். சராசரி இரண்டு லட்சம். மிளகு பறிப்பில் அவர் கைகொடுப்பதால் வருடத்துக்கு 20,000 ரூபாய் ஆள் கூலி மிச்சம் என்று வைக்கலாம். கம்ப்யூட்டர் பழசானால் மாற்ற வருடத்துக்கு 15,000 ஒதுக்க வேண்டும். வீட்டுச் சாப்பாட்டில் அவர் பங்கு 24,000. ஆக மிஞ்சுவது சராசரி வருடத்தில் 1,81,000. மோசமான வருடத்தில் 1,31,000.

நாமக்கல்லில் மேலே சொன்ன 18,000 ரூபாய் வேலை கிடைக்கிறது. கைக்கு வரும் 16,065-இல் அறை வாடகைக்கும் மெஸ்ஸுக்கும் மாதம் 6,000, ஊருக்கு வந்துபோக 1,000 என்று கழித்தால் 9,065 நிற்கும். வருடத்துக்கு 1,08,780. வைப்பு நிதியில் அவர் பங்கும் நிறுவனத்தின் பங்கும் சேர்ந்து தேறும் மாதம் 2,350 ரூபாயைக் கூட்டினால் வருடத்துக்கு 1,36,980. ஓய்வூதியத்துக்குப் போகும் 15,000-ஐயும் பணிக்கொடையையும் சேர்த்தால் 1,60,634.

ஆக, சராசரி வருடத்தில் சொந்தத் தொழில் சுமார் 20,000 ரூபாய் முன்னே நிற்கிறது. மோசமான வருடத்தில் சம்பளம் சுமார் 30,000 ரூபாய் முன்னே நிற்கிறது. பத்து வருடம் வேலையில் நிலைக்கமாட்டார் என்றால் ஓய்வூதியப் பங்கை நம்பக் கூடாது. ஐந்து வருடத்துக்குள் வந்துவிடுவார் என்றால் பணிக்கொடையும் கணக்கில் வராது. அப்போது மோசமான வருடத்தில்கூடச் சம்பளத்தின் முன்னிலை ஆறாயிரத்துக்குச் சுருங்கிவிடும். எண்கள் குடும்பத்துக்குக் குடும்பம் மாறும். மாறாதது கணக்குப் போடும் முறை: மூன்று வருட வருமானத்தை எடுப்பது, சராசரியைப் போலவே மோசமான வருடத்தையும் வைத்துப் பார்ப்பது, ஆள் வீட்டை விட்டுப் போனால் குடும்பத்துக்கு என்ன குறைகிறது என்பதையும் சேர்ப்பது. கடைசியாகச் சொன்னதைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். தை மாதம் ஏணி ஏற ஆள் இல்லாமல் கொடியைக் குத்தகைக்கு விட்ட வீட்டில், அந்த நஷ்டம் யாருடைய சம்பளச் சீட்டிலும் வருவதில்லை.

இதே கணக்கைத் திருப்பிப் போட்டால், சொந்தத் தொழிலில் நிற்பவர் ஒரு நாளைக்கு எவ்வளவு கேட்க வேண்டும் என்பதும் கிடைக்கும். அந்த 18,000 ரூபாய் ஆளுக்கு நிறுவனம் உண்மையில் செலவிடுவது மாதம் ஏறக்குறைய 21,100. வருடத்துக்கு இரண்டரை லட்சத்துக்குச் சற்று மேல். ஃப்ரீலான்சருக்கு வருடம் முழுக்க வேலை இருக்காது. வேலை தேடுவது, பணம் வசூலிப்பது, கரண்ட்டும் சிக்னலும் இல்லாத நாள்கள் எல்லாம் போகக் கூலி வரும் நாள் 150 என்று கொண்டால், நாளுக்கு 1,700 ரூபாய் கேட்டால்தான் அந்தச் சம்பளத்துக்குச் சமம். 18,000-ஐ முப்பதால் வகுத்து 600 ரூபாய்க்கு ஒத்துக்கொள்பவர், தனக்குத் தானே பாதிச் சம்பளம்கூடக் கொடுத்துக்கொள்ளவில்லை என்று பொருள்.

வரி, வசூல், கடன்

வரியைப் பற்றிய பயம் இந்த வருமான அளவில் தேவையற்றது. 2025–26 நிதியாண்டின் புதிய வரி முறையில் 12 லட்சம் வரை வருமானம் உள்ளவருக்குத் தள்ளுபடி போக வரி இல்லை. சம்பளக்காரருக்கு 75,000 ரூபாய் நிலையான கழிவும் சேரும். விவசாய வருமானத்துக்கு வரி கிடையாது. சேவைத் தொழில் செய்பவர் வருடத்துக்கு 20 லட்சம் வரை ஜிஎஸ்டி பதிவு செய்யாமல் இருக்கலாம். கம்பெனிகள் தொழில்முறைக் கட்டணத்தில் 10 சதவீதத்தை முன்கூட்டியே வரியாக (டிடிஎஸ்) பிடித்துக்கொண்டு தரலாம். அதைப் பார்த்துப் பணம் போய்விட்டதாக நினைப்பவர்கள் உண்டு. வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்தால் திரும்பி வரும்.

வசூல்தான் உண்மையான தலைவலி. வேலையை முடித்துக் கொடுத்த பிறகு ‘அடுத்த வாரம் பாத்துக்கலாம்’ என்ற பதிலைக் கேட்காத ஃப்ரீலான்சர் இருக்கமுடியாது. ஆதாரை வைத்து மத்திய அரசின் உத்யம் தளத்தில் இலவசமாகப் பதிவு செய்துகொண்டால், குறுந்தொழில் என்ற தகுதி வரும். 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் சட்டப்படி அப்படிப்பட்டவருக்கு வாங்குபவர் அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும்; தவறினால் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி. சட்டத்தைக் காட்டி வாடிக்கையாளரோடு சண்டை போட யாரும் விரும்பமாட்டார்கள் என்பது வேறு. ஆனாலும் பில்லின் அடியில் உத்யம் எண் அச்சாகி இருந்தால் கம்பெனியின் கணக்குப் பிரிவு அதைக் கவனிக்கும்.

வங்கியில் நிலைமை தலைகீழ். மூன்று மாதச் சம்பளச் சீட்டு காட்டுபவருக்கு எளிதில் கிடைக்கும் கடன், சொந்தத் தொழில்காரருக்கு இரண்டு மூன்று வருட வரிக் கணக்கைக் காட்டினால்தான் அசையும். வரி கட்ட வேண்டாம் என்பதற்காகக் கணக்கே தாக்கல் செய்யாமல் இருப்பது இங்கே வந்து கடிக்கிறது. 2015-இல் தொடங்கிய முத்ரா திட்டத்தில் 50,000 ரூபாய் வரையிலான ‘சிசு’ கடன், ஜாமீன் இல்லாமல் தொழில் தொடங்க ஒரு வாசல்.

கையெழுத்துக்கு முன்

ஆஃபர் கடிதத்தில் சம்பளம் எழுதிய வரியைத் தவிர மற்ற வரிகளைப் படிப்பவர் குறைவு. வேலையில் இருக்கும்போது வேறு யாருக்கும் வேலை செய்யக் கூடாது என்ற நிபந்தனை இருந்தால், பழைய வாடிக்கையாளர்களை ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் அங்கேயே முடிந்துவிடும். வேலையை விட்ட பிறகும் அதே தொழிலைச் செய்யக் கூடாது என்று எழுதியிருந்தால், 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் தொழில் செய்வதைத் தடுக்கும் அத்தகைய உடன்பாட்டைப் பொதுவாகச் செல்லாது என்கிறது. குறித்த காலத்துக்குள் விலகமாட்டேன் என்று எழுதித் தரும் பாண்டின் கதை வேறு. மூன்று வருடத்துக்குள் விலகினால் இரண்டு லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்று விஜயா வங்கி போட்டிருந்த நிபந்தனையை 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அதனால் பாண்டில் எழுதியிருக்கும் தொகையை, நடுவில் திரும்பி வருவதற்கான செலவாகவே கணக்கில் வைப்பது நல்லது.

பணத்தில் அடங்காத இழப்பு ஒன்றையும் இந்த மலையின் பழைய கதை காட்டுகிறது. கடையெழு வள்ளல்களில் ஒருவனான ஓரி ஆண்டது இந்தக் கொல்லியைத்தான். அன்றைய பாணரும் கூத்தரும் ஊர் ஊராகப் போய்ப் புரவலரைத் தேடியவர்கள், சந்தேகமில்லாமல் ஃப்ரீலான்சர்கள். ஓரி அள்ளிக் கொடுத்ததால் பசி தீர்ந்த கலைஞர்கள் ஆடவும் முடியாமல் பாட்டையும் மறந்துபோனார்கள் என்று புறநானூற்றில் வன்பரணர் பாடியிருக்கிறார். புகழ்ச்சிக்காகச் சொன்னதுதான், ஆனால் நிலையான வருமானம் வந்ததும் கைத்தொழில் துருப்பிடிக்கும் என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொன்னவர் யாரும் இல்லை. கதையின் மறுபாதி இன்னும் கடுமையானது. ஓரியை மலையமான் காரி கொன்று, கொல்லியைச் சேரனிடம் கொடுத்தான். ஒரே புரவலரை நம்பியிருந்தவர்கள் அதன்பின் எங்கே போனார்கள் என்று எந்தப் பாட்டும் சொல்லவில்லை. வருமானத்தில் முக்கால்வாசி ஒரே வாடிக்கையாளரிடமிருந்து வரும் ஃப்ரீலான்சருக்கும் இதே ஆபத்து உண்டு. வேலையை இழக்கும் பயம் சம்பளக்காரருடையது, பிஎஃப் இல்லாமை கூலிக்காரருடையது, அவருக்கோ இரண்டும் சேர்ந்தே இருக்கிறது.

இந்த மலை தன் உணவு விஷயத்தில் ஏற்கெனவே ஒருமுறை இப்படி ஒரே இடத்தை நம்பும் முடிவை எடுத்திருக்கிறது. சாமை, தினை, கேழ்வரகு, பனிவரகு என்று கலந்து விதைத்த மேட்டாங்காடுகளில், 1970-களுக்குப் பிறகு ஆலைக்குப் போகும் குச்சிக்கிழங்கு பரவியது. காசு நிச்சயம் என்பது ஒரு காரணம். சாமையைக் குத்திப் புடைக்கும் பாடு பெண்களின் முதுகை ஒடித்தது இன்னொரு காரணம். தானியம் வீட்டுக் கையிருப்பு, கிழங்கு ஒரே இடத்துக்கு விற்கும் பண்டம். ஆலை விலை சரிந்த வருடங்களில் வீட்டில் தானியமும் இல்லை, கையில் காசும் இல்லை என்ற நிலை வந்தது. 1990-களிலிருந்து எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இங்கே சிறுதானியத்தை மீட்கும் பணியில் இருக்கிறது. உமி நீக்கும் இயந்திரங்கள் ஊர்களுக்கு வந்த பிறகுதான் அது பெண்களுக்கும் ஏற்புடையதாயிற்று. கிழங்கு போகவில்லை, தானியம் திரும்பி வந்தது என்பதே கவனிக்கத் தக்கது.

பல குடும்பங்கள் வேலை விஷயத்திலும் நடைமுறையில் இதைத்தான் செய்கின்றன. ஒருவர் கீழே சம்பளத்துக்குப் போகிறார். மற்றவர்கள் கொடியையும் காட்டையும் பார்க்கிறார்கள். சம்பளப் பணம் மாதா மாதம் வருவதால் மிளகைக் காயவைத்து விலைக்காக வைத்திருக்க முடிகிறது. அந்த வகையில் சம்பளத்தின் மதிப்பு அதன் தொகையைவிடக் கூடுதல். தனி ஆளாக இருக்கும் ஃப்ரீலான்சர் இதே ஏற்பாட்டை ஒரே ஆளுக்குள் செய்துகொள்ளலாம்: வேலை தர முன்வரும் நிறுவனத்திடமே, முழு நேர வேலைக்குப் பதில் மாதம் இத்தனை நாள் என்று நிலையான தொகைக்குப் பேசிப் பார்க்கலாம். எல்லா நிறுவனமும் ஒத்துக்கொள்ளாது. ஆனால் கேட்டவருக்கு ஆஃபர் பறிபோவது அபூர்வம்.

அரசு வேலை மட்டும் இந்தக் கணக்குக்குள் வராது. ‘கால் காசானாலும் கவர்மென்ட் காசு’ என்ற பேச்சு மலையிலும் உண்டு. தமிழ்நாட்டில் பழங்குடியினருக்கு ஒரு சதவீத இடஒதுக்கீடு இருக்கிறது. பணிப் பாதுகாப்பும் குடும்பத்தின் மருத்துவமும் சேரும்போது, மேலே சொன்ன 20,000, 30,000 வித்தியாசங்கள் சிறிதாகிவிடும். அதற்காகத் தேர்வுக்குப் படித்தபடி தொழிலையும் விடாமல் இருப்பவர்களுக்கு, இடைக்காலத்தில் வரும் தனியார் வேலையை ஏற்பதா என்பது பணத்தைவிட நேரத்தைப் பற்றிய கேள்வி.

வேலைக்குப் போக முடிவு செய்தால், திரும்பி வரும் வழியைத் திறந்துவைக்கச் சில காரியங்கள் உண்டு. உத்யம் பதிவை ரத்து செய்ய வேண்டியதில்லை. பழைய வாடிக்கையாளர்களின் பெயரும் செய்த வேலையும் கொடுத்த தொகையும் ஒரு நோட்டில் இருக்க வேண்டும். வருமான வரிக் கணக்கை, வரி வராவிட்டாலும், வருடா வருடம் தாக்கல் செய்ய வேண்டும். வைப்பு நிதியின் யுஏஎன் எண் வாழ்நாளுக்கும் ஒன்றே. கம்பெனி மாறினால் பழைய இருப்பை எடுத்துச் செலவழிக்காமல் புதிய கணக்குக்கு மாற்றினால், ஓய்வூதியத்துக்கான பத்து வருடக் கணக்கில் பழைய பணிக்காலமும் சேரும். ஐந்து வருடம் தொடர்ந்து பணம் கட்டிய பிறகு எடுக்கும் வைப்பு நிதிக்கு வருமான வரியும் இல்லை. மிளகுக் கொடியைப் பொறுத்தவரை, பங்குக்குப் பார்த்துக்கொள்ள ஆள் அமைந்தால், மழைக்காலம் முடியும் முன்பே பறிப்புக் கூலி யாருடையது, காய்ந்த மிளகில் யாருக்கு எவ்வளவு என்பதைப் பேசி எழுதிவைத்துக்கொள்வது வழக்கம். தை பிறந்து, சரம் சிவக்கத் தொடங்கிய பிறகு பேசினால் பேச்சு முடிவதற்குள் பறிப்பு முடிந்துவிடும்.